தாய்மாமன் வாங்காத பணம்

ஓய்வு பெற்ற பிறகு மதியத் தூக்கம் என்று ஒரு சொத்து எனக்குச் சேர்ந்திருக்கிறது. அசோக் நகர் வீட்டுக் கூடத்தில், சாப்பிட்ட கையோடு பாயை விரித்தால் போதும், வேலைக்காக நான் போய்ப் பார்த்த வீடுகள் ஒவ்வொன்றாகத் திறக்கத் தொடங்கும். தேனாம்பேட்டை வீட்டின் கதவைத் தள்ளினால் உள்ளே மயிலாப்பூர் வீட்டின் சமையலறை இருக்கும். அந்தச் சமையலறை ஜன்னலில் பட்டினப்பாக்கத்துக் கடல் தெரியும். மூலையில் ஒரு குழந்தை உட்கார்ந்து பென்சில் சீவிக்கொண்டிருக்கும். யார் வீட்டுக் குழந்தை என்று நான் கேட்பதற்குள் கூரியர்காரர் மணியடித்து எழுப்பிவிடுவார்.

போன வாரம் எழுப்பியது பழைய அலுவலகத்திலிருந்து வந்த போன். என் இடத்தில் இப்போது வேலை பார்க்கும் பெண் பேசினாள். இனிமேல் வீட்டு விசாரணைக்குப் போனால் செல்போனில் படம் எடுத்து அங்கிருந்தே ஏற்ற வேண்டுமாம். கூடம், சமையலறை, கழிவறை, வாசல். நீங்கள் எல்லாம் போட்டோ இல்லாமல் என்னத்தைப் பார்த்தீர்கள் மேடம் என்று கேட்டாள். கேலி இல்லை, நிஜமாகவே கேட்டாள். தூக்கக் கலக்கத்தில் பதில் சொல்ல வரவில்லை, எழுதி அனுப்புகிறேன் என்றேன். அதைத்தான் எழுதுகிறேன். நீளமாகிவிட்டால் பஸ்ஸில் போகும்போது படித்துக்கொள், பெண்ணே.

பெற்றோரை இழந்தோ, பெற்றோர் இருந்தும் இல்லாமலோ அரசின் பொறுப்புக்கு வந்து இல்லங்களில் தங்கியிருக்கும் குழந்தைகள் பலருக்கு எங்கேயாவது ஒரு சித்தியோ மாமாவோ பெரியப்பாவோ இருப்பார்கள். அவர்களைத் தேடிப் பிடிக்க வேண்டும். வீட்டைப் போய்ப் பார்க்க வேண்டும். குழந்தையை அங்கே அனுப்பலாமா என்று குழந்தைகள் நலக் குழுவுக்கு எழுத வேண்டும். வசதி இல்லாத உறவினர் என்றால், வளர்ப்பதற்கு மாதாமாதம் உதவித்தொகை கிடைக்க ஏற்பாடு செய்ய வேண்டும். என் வேலை இவ்வளவுதான். சமூகப்பணி படித்துவிட்டு வந்தேன், பயிற்சிக் காலம் முழுக்க ஃபைல்களுக்கு நூல் கோத்தேன், அதைப் பற்றிச் சொல்ல வேறு ஒன்றும் இல்லை.

அரசாங்கத்திடமிருந்து பணம் வாங்கிக் கொடுப்பதுதான் கஷ்டம் என்று நினைத்துக்கொண்டுதான் சேர்ந்தேன். ஜனங்களை அதை வாங்க வைப்பது அதைவிடக் கஷ்டம் என்று பிறகுதான் தெரிந்தது. மயிலாப்பூரில் ஒரு சந்துக்குள் ஜிகினா வேலை செய்யும் பாய் ஒருவர், இறந்துபோன தம்பியின் இரண்டு பெண்களையும் இல்லத்திலிருந்து அழைத்துப்போனார். உதவித்தொகை ஒழுங்காக வந்துகொண்டிருந்தது. ஆனால் நான் பார்க்கப் போகும்போதெல்லாம் அந்தப் பெண்களின் செருப்பு அறுந்தே கிடந்தது. பாய்க்கு வேலை குறைந்திருந்த சமயம் அது. விசாரித்தால், வந்த பணத்தில் ஒரு பைசாவைக்கூட அவர் தொடவில்லை. யத்தீம் பிள்ளைகளின் காசு மேடம், அதில் கை வைத்துவிட்டு நான் மேலே போய் என்ன பதில் சொல்வேன் என்றார். தகப்பன் இல்லாத பிள்ளைகளின் பணத்தை வளர்க்கிறவன் தின்னக் கூடாது என்பது அவர் பயம். செருப்பு வாங்கினால் அது தின்பது ஆகாது என்று அவருக்குப் புரிய வைக்க அவர் பள்ளிவாசலில் தொழுகை நடத்தும் ஹஜ்ரத்தையே நான் போய்ப் பார்க்க வேண்டியதாயிற்று.

எனக்கு மேலதிகாரியாக இருந்தவர் சாரதா மேடம். மயிலாப்பூரில் பல தலைமுறையாக இருக்கும் குடும்பம். அலுவலகத் தமிழ், வீட்டுத் தமிழ் என்று அவருக்கு இரண்டு கிடையாது, யாரிடமும் வீட்டுத் தமிழ்தான். நான் எழுதிக்கொண்டுபோகும் அறிக்கையை அவர் கையில் வாங்க மாட்டார். மூக்குக்கண்ணாடியைக் கழற்றி மேஜையில் வைப்பார், நாற்காலியில் சாய்வார், கண்ணை மூடிக்கொள்வார்.

"நீயே படி. கண்ணை மூடிண்டிருக்கேன், என்னை அவாத்துக்குள்ள அழைச்சுண்டு போ" என்பார்.

நான் படிப்பேன். கதவு எந்தப் பக்கம் திறக்கிறது, உள்ளே நுழைந்ததும் காலில் என்ன தட்டுப்படுகிறது, சமையல் வாசனை எதனுடையது, எல்லாம் வேண்டும் அவருக்கு. 'சுமாரான வசதியுள்ள வீடு' என்று ஒருமுறை எழுதிவிட்டேன். கண்ணைத் திறக்காமலே, எனக்கு ஒண்ணும் தெரியலையே, இருட்டா இருக்கே என்றார். அறிக்கை முடிந்ததும் அவர் கேட்கும் கேள்வி ஒன்றே ஒன்றுதான். குழந்தை எங்கே படுத்துத் தூங்கும், பக்கத்தில் யார் படுப்பார்கள். பதில் சொல்லத் தெரியாவிட்டால் மறுபடி போய்ப் பார்த்துவிட்டு வர வேண்டும். ஆபீஸ் ஜீப்பில் போகக் கூடாது, பஸ்ஸில் போய் ஒரு நிறுத்தம் முன்னாலேயே இறங்கி நடக்க வேண்டும். ஜீப் வந்து நின்றால் அந்தத் தெருவுக்கே அது போலீஸ் விசாரணை ஆகிவிடும் என்பார். நடந்து நடந்து என் கால் தேய்ந்தது உண்மை, அவரைத் திட்டிக்கொண்டே நடந்ததும் உண்மை.

ஒரே ஒரு முறை அவர் அழுததைப் பார்த்திருக்கிறேன். தேனாம்பேட்டையில் வாட்ச்மேனாக இருந்த ஒருவர், தம்பி மகளை அழைத்துப்போனார். உதவித்தொகை வேண்டாம், என் தம்பி பிள்ளைக்கு நான் சோறு போட மாட்டேனா என்று சொல்லிவிட்டுத்தான் போனார். நாங்களும் பூரித்துப்போய் அனுப்பினோம். சில மாதத்தில் அவருக்கு வேலை போனது. குழந்தையைக் கூட்டிக்கொண்டு வந்து எங்கள் அலுவலக பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார், முகத்தைத் தூக்கவே இல்லை. துணிப்பையை மடியில் வைத்திருந்த அந்தப் பெண், என்னோட பழைய இடம் எனக்கே கிடைக்குமா மேடம், இல்ல வேற யாராவது படுக்கறாங்களா என்று கேட்டது. சாரதா மேடம் எழுந்து உள்ளே போய்விட்டார். அன்றிலிருந்து எங்களுக்கு ஒரு கட்டுப்பாடு வந்தது. சம்பாத்தியம் நின்றாலும் குழந்தை திரும்பி வராது என்கிற அளவுக்கு ஏற்பாடு இல்லாமல் எந்த வீட்டுக்கும் சிபாரிசு இல்லை. குழுவும் அதையே வைத்துக்கொண்டது.

இப்போது அந்தோணியின் கதைக்கு வருகிறேன். என் மதியத் தூக்கத்தில் அடிக்கடி வருவது அவர் வீடுதான்.

அந்தோணி பட்டினப்பாக்கத்துக்காரர். காசிமேட்டில் விசைப்படகில் கூலிக்குக் கடலுக்குப் போகிறவர். அவருடைய அக்கா வீட்டை மீறிக் கல்யாணம் செய்துகொண்டு வெளியூர் போனவள். பேச்சுவார்த்தை இல்லை. அவள் இறந்து, கணவனும் எங்கோ போய்விட்ட பிறகு, எட்டு வயது ஸ்டெல்லா அரசின் பொறுப்புக்கு வந்து சென்னையில் ஓர் இல்லத்தில் இருந்தாள். கோயில் பங்குச் சாமியார் வழியாகச் செய்தி தெரிந்து அந்தோணி ஓடிவந்தபோது எல்லாம் முடிந்து வெகுநாளாகியிருந்தது. அதன்பின் கடலுக்குப் போகாத ஞாயிறுகளில் பூசை முடிந்ததும் மனைவி மேரியோடு இல்லத்துக்கு வந்துவிடுவார். பேச மாட்டார். அக்கா ஜாடையில் இருந்த அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். மேரிதான் ஸ்டெல்லாவுக்குத் தலை வாரிவிட்டுக்கொண்டே ஊர்க்கதை பேசுவாள்.

வீட்டைப் பார்க்க வருகிறேன் என்று தேதி சொல்லி அனுப்பினேன். தப்பு அங்கேதான் தொடங்கியது. அவர்கள் தப்பு என்று சொல்வதா, தேதி சொன்ன என்னைச் சொல்வதா தெரியவில்லை. மேடம் வீடு பார்க்க வருகிறார்கள் என்ற செய்தி அந்தக் குடியிருப்பு முழுக்கப் பரவிவிட்டது. நம் ஜனங்களுக்கு வீடு பார்க்க வருவது என்றால் ஒன்றுதான். சம்பந்தி வீட்டார் வருவது.

நான் போனபோது குடிசை மாற்று வாரியக் குடியிருப்பின் அந்த ஒற்றை அறை ஜொலித்தது. கட்டில், மெத்தை, புதுப் போர்வை. நிலைக்கண்ணாடி பதித்த பீரோ. டி.வி. இரண்டு மின்விசிறிகள் எதிரெதிராக ஓடிக்கொண்டிருந்தன. அந்தோணி இஸ்திரி போட்ட சட்டையில் மூச்சுவிடக் கஷ்டப்பட்டுக்கொண்டிருந்தார். வெள்ளித்தட்டு இல்லாத குறைதான். மேரி தண்ணீர் கொடுத்த எவர்சில்வர் டம்ளரில் 'ரோ. லூர்துமேரி' என்று பெயர் வெட்டியிருந்தது. பிஸ்கட் வந்த தட்டில் 'ஞா. பிலோமினா'. காபி டம்ளரில் 'சேகர் - வள்ளி, திருமண அன்பளிப்பு'. அந்த மாடியில் இருந்த வீடுகளெல்லாம் தங்கள் மானத்தை எடுத்துவந்து இந்த வீட்டில் அடுக்கியிருந்தன. வாசலில் நின்ற பெண்களில் ஒருத்தி நான் கீழே வைத்த தண்ணீர் டம்ளரையே கவலையோடு பார்த்துக்கொண்டிருந்தாள், அவள்தான் லூர்துமேரியாக இருக்க வேண்டும். எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது.

ஆனால் சிக்கல் சின்னதல்ல. கண்ணால் பார்த்ததை எழுதினால் இது வசதியான வீடு, உதவித்தொகைக்குத் தகுதி இல்லை. உதவித்தொகை இல்லையென்றால் மீன்பிடித் தடைக்காலத்தில் அந்தோணிக்கு வருமானம் இல்லை, அதனால் குழந்தையை அனுப்பச் சிபாரிசு இல்லை. இரவல் வாங்கி வைத்திருக்கிறார்கள் என்று எழுதினாலோ, அதிகாரியை ஏமாற்றிய குடும்பம் என்று யாராவது ஒருவர் கேட்டுவிட்டால் போதும். ஸ்டெல்லா இல்லத்திலேயே வளர்வாள். அவளுக்கென்று இந்த உலகத்தில் இருந்தது அந்த ஒரு வீடுதான்.

சாரதா மேடம் வழக்கம்போலக் கண்ணை மூடிக்கொண்டார். நான் அவரை உள்ளே அழைத்துப்போனேன். கட்டில், பீரோ, விசிறி எல்லாம் சொல்லிவிட்டு டம்ளர்களின் பெயர்களையும் வரிசையாகச் சொன்னேன். முதலில் அவர் தோள் குலுங்கியது. பிறகு வாய்விட்டுச் சிரித்தார்.

"என்னைப் பொண் பார்க்க வந்தப்போ எங்காத்துல போட்டிருந்த நாற்காலி ஒண்ணுகூட எங்களது இல்லைடி" என்றார். "அதெல்லாம் அவாவா ஆத்துக்குத் திரும்பிப் போகட்டும். சொல்லாம ஒரு நாள் போய்ட்டு வா. அந்த ஆத்தை எழுது."

நாலைந்து நாள் விட்டு ஒரு மத்தியான வேளையில் போனேன். சாந்தோமில் பஸ்ஸை விட்டு இறங்கி நடந்தேன். மீன் கடைகளில் தார்ப்பாயை இழுத்துவிட்டுப் பெண்கள் கண்ணயர்ந்திருந்தார்கள். நாய்கூடத் தலையைத் தூக்கவில்லை. அந்தோணியின் வீட்டுக் கதவு திறந்தே இருந்தது. உள்ளே எதுவும் இல்லை. சுருட்டி வைத்த இரண்டு பாய், ஒரு டிரங்குப் பெட்டி, ஸ்டவ், மாதா படம். அவ்வளவுதான். பீரோ மறைத்துக்கொண்டிருந்த ஜன்னல் இப்போது திறந்திருந்தது. அது வழியே கடல் வெளிச்சம் வந்து சுவர் முழுக்க அசைந்துகொண்டிருந்தது. என் வேலைக்காலத்தில் நான் பார்த்த வீடுகளிலேயே அழகான வீடு அதுதான் என்று இன்றைக்கும் சொல்வேன். எவ்வளவு நேரம் அந்தச் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றேனோ தெரியாது, மேரி வந்து தோளைத் தொட்டாள்.

பொருள்களெல்லாம் எங்கே என்று நான் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை. குழந்தை எங்கே தூங்கும் என்று மட்டும் கேட்டேன். மேரி ஜன்னலுக்குக் கீழே இடத்தைக் காட்டினாள். இந்தப் பக்கம் நான், அந்தப் பக்கம் சுவர், நடுவில் அவள், மாமன் கதவோரம் படுத்துக்கொள்ளட்டும் என்றாள். முன்கூட்டியே யோசித்து வைத்திருந்தாள்.

அந்தோணி வந்ததும் உதவித்தொகையைப் பற்றிச் சொன்னேன். அதுவரை சாந்தமாக இருந்த மனிதர் எழுந்து நின்றுவிட்டார்.

"வோணாம் மேடம். கடல்ல நான் கூலிக்குப் போறேன், அது வேற. எங்கக்கா பொண்ண கூலி வாங்கிக்கினு வளத்தேன்னு நாளைக்கு ஒருத்தன் சொல்லிட்டா நான் இன்னா பண்றது? தாய்மாமன் மேடம் நானு. நான்தான் அவளுக்குச் செய்யணும், அவளக் காட்டி நான் வாங்கக் கூடாது."

அவர் பேசியதில் ஒரு வார்த்தைகூடப் பொய் இல்லை. நம்மிடையே தாய்மாமன் என்றால் கொடுக்கிறவன். காது குத்துவதிலிருந்து கல்யாணம் வரைக்கும் அவன் கை மேலே இருக்க வேண்டும். அக்கா உயிரோடு இருந்தபோது எதுவும் செய்யாமல் விட்டுவிட்டோமே என்ற வேதனை வேறு அவருக்கு. அதன்மேல் போய் நான் பணத்தை நீட்டுகிறேன். தடைக்காலத்தைச் சொன்னேன். வாட்ச்மேன் கதையைச் சொன்னேன். பட்டினி கிடந்தாலும் அனுப்ப மாட்டேன் என்றார். நீங்கள் கிடப்பீர்கள், குழந்தை ஏன் கிடக்க வேண்டும் என்று நானும் கோபத்தில் கேட்டுவிட்டேன். அன்று பேச்சு அதோடு முடிந்தது.

குழுவின் முன் வரும் நாளில் ஸ்டெல்லா இல்லத்திலிருந்து வந்திருந்தாள். எண்ணெய் வைத்து இறுக்கிப் பின்னிய ஜடையோடு மேரியின் மடியோரம் நின்றுகொண்டு, முந்தானை நுனியை விரலில் சுற்றிச் சுற்றி அவிழ்த்துக்கொண்டிருந்தாள். சாரதா மேடமும் நானும் ஓரத்தில் உட்கார்ந்திருந்தோம். என் அறிக்கையில் இரண்டாவது தடவை பார்த்த வீட்டைத்தான் எழுதியிருந்தேன். இடம் போதும், அன்பு இருக்கிறது, வருமானம் நிலையில்லை, உதவித்தொகை அவசியம். குழுவின் தலைவர் மரியாதையாகத்தான் கேட்டார். உதவித்தொகையை ஏற்றுக்கொள்கிறீர்களா. அந்தோணி தலையை ஆட்டினார், இல்லை என்று. காரணத்தையும் சொன்னார். தலைவர் பேனாவை மூடினார். அப்படியானால் இப்போதைக்குக் குழந்தை இல்லத்திலேயே இருக்கட்டும், நீங்கள் வழக்கம்போல வந்து பார்க்கலாம் என்றார்.

ஸ்டெல்லாவின் விரல் நின்றுவிட்டது. அவள் அழவில்லை. மேரியின் முந்தானையை விட்டுவிட்டு, அவளை அழைத்துவந்திருந்த இல்லத்துப் பணியாளரின் பக்கம் தானாகவே நடந்துபோய் நின்றாள். யாரும் கூப்பிடவில்லை.

அப்போதுதான் மேரி பேசினாள். அதுவரை அவளிடம் யாரும் எதுவும் கேட்கவில்லை, நானும் கேட்டதில்லை.

"சார், தாய்மாமன் வாங்குனாதான் கூலி. நான் மாமன் இல்லயே. எனக்கு அவ ரத்தமும் இல்ல, நான் வேற வூட்டுப் பொண்ணு. என் பேர்ல எய்தி எங்கைல குடுங்க, நான் வாங்கிக்கறேன்." பிறகு கணவர் பக்கம் திரும்பினாள். "உன் மானம் உன்னாண்டயே இருக்கட்டும். நீ கடலுக்குப் போய்டுவ. ஒலை வெச்சிக்கினு குந்திகினு இருக்கறது நானு. ஆரு இன்னா சொன்னாலும் என்னச் சொல்லட்டும்."

தலைவர் எங்கள் பக்கம் பார்த்தார். சாரதா மேடம் மூக்குக்கண்ணாடியைக் கழற்றாமலே எழுந்தார். விதியில் உறவினர் என்றுதான் இருக்கிறது, மாமனின் மனைவி உறவினர்தான், யார் பெயரில் உத்தரவு போடுவது என்பது குழுவின் விருப்பம் என்று சொல்லிவிட்டு உட்கார்ந்துகொண்டார். அந்தோணி சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றுகொண்டார். தோள் மட்டும் அசைந்தது. வேண்டாம் என்று அவர் சொல்லவில்லை. ஸ்டெல்லா, மேரி என்ற இரண்டு பெயரிலும் சேர்த்து வங்கியில் கணக்குத் தொடங்க உத்தரவு ஆயிற்று.

அத்தனை நாளும் நான் அந்தோணியோடு மட்டுமே மல்லுக்கட்டிக்கொண்டிருந்தேன். சொந்தம் என்றால் ரத்தம் என்றே படித்துவிட்டு வந்தவள் நான். வளர்க்கப்போகிறவள், நான் அவரோடு வாதாடிய அன்று, பக்கத்திலேயே வெங்காயம் உரித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். படம் எடுக்கும்போது, பெண்ணே, ஓரத்தில் யார் உட்கார்ந்திருக்கிறார்கள் என்றும் பார்.

தடைக்காலம் வந்தது. படகுகள் கரையேறிவிட்டன. என்ன ஆகுமோ என்ற பயம் எனக்கு உள்ளூர இருந்தது. பார்வையிடப் போக வேண்டிய நாளுக்கு முன்னாலேயே கிளம்பிப் போனேன். வீடு பூட்டியிருந்தது. பக்கத்து வீட்டில் கேட்டால் எல்லாரும் மணலில் இருக்கிறார்கள் என்றார்கள்.

கரையில் காற்று அடங்கிய நேரம். அந்தோணி யாருடைய வலையையோ பிரித்துப் போட்டுக் கிழிசல் பார்த்துக்கொண்டிருந்தார். மேரி பக்கத்தில் கருவாட்டைப் புரட்டிக்கொண்டிருந்தாள். தண்ணீரோரத்தில் இரண்டு மூன்று சிறுமிகளோடு ஓடிக்கொண்டிருந்த ஸ்டெல்லா என்னைப் பார்த்தாள். அப்படியே நின்றாள். அடுத்த நிமிஷம் ஓட்டமாக ஓடிக் கவிழ்த்து வைத்திருந்த ஒரு படகின் அடியில் புகுந்துகொண்டாள்.

"அத்த, நான் இங்க இல்லன்னு சொல்லு. நான் போவ மாட்டேன்" என்று படகுக்குள்ளிருந்து குரல் வந்தது.

இத்தனை வருஷத்தில் ஒரு குழந்தை என்னைப் பார்த்துப் பயந்து ஓடியதற்காக நான் சந்தோஷப்பட்டது அன்றைக்கு மட்டும்தான். கண்ணில் நீர் வந்துவிட்டது, மணல் விழுந்த மாதிரி துடைத்துக்கொண்டேன். மேரி சிரித்துக்கொண்டே படகைத் தட்டினாள்.

"வெளிய வா புள்ள. உன்னக் கூட்டிக்கினு போவ வர்ல. காசு குடுக்கற மேடம் இவங்க."

உள்ளே கொஞ்ச நேரம் யோசனை நடந்தது.

"அப்ப காச மாமாகிட்ட குட்துட்டுப் போவச் சொல்லு" என்றது குரல்.

அந்தோணி வலையிலிருந்து தலையைத் தூக்கவில்லை. ஆனால் அவர் சிரித்தது எனக்குக் கேட்டது. அவர் சிரித்து நான் கேட்டது அதுதான் முதல் தடவை. ஸ்டெல்லா வெளியே வரவே இல்லை. நானும் வற்புறுத்தவில்லை. குழந்தையிடம் நேரில் பேசாமல் விசாரணையை முடிக்கக் கூடாது என்பது விதி, படகுப் பலகை வழியாகப் பேசியதையும் பேச்சாகவே எடுத்துக்கொண்டு சாந்தோம் பக்கம் நடந்தேன்.